ஊர் விட்ட பகல்

பகல் பன்னண்டரை மணி.

ராத்திரி இல்ல. நல்லா கேட்டுக்கோங்க... பகல். சித்திரை மாசத்து வெயில். நம்ம நிழல் நம்ம காலுக்கடியிலயே சுருண்டுக்கிற நேரம். ஒண்ணரை கிலோமீட்டர் மண் ரோடு. ரெண்டு பக்கமும் காஞ்ச கொல்லை. ஒரு ஆள் இல்ல. நாய் கூட இல்ல. அந்த ரோட்டுல ஒரு பொம்பளை தனியா நடந்து போறா.

எங்கன்னு கேளுங்க... அவ வீட்டுக்குத்தான்.

சுவேதா, அந்த டார்ச்சை அணைச்சுடு. கரண்ட் வரும்போது வரட்டும். மூக்கண்டப்பள்ளியில தூறல் போட்டாலே இப்படித்தான். சுகுணா, கதவுகிட்ட உக்காராத, சாரல் அடிக்குது... இப்படி உள்ள வா. பாயில எடம் இருக்கு.

இது எங்கயோ படிச்ச கதை இல்ல. கம்பெனியில என் லைன்ல சரிதான்னு ஒருத்தி இருக்கா இல்ல... பேக்கிங்ல, மூக்குத்தி போட்டுக்கினு... அவளோட அண்ணிக்கு நடந்தது. போன வருஷம். சரிதாவும் அன்னிக்கு அங்கதான் இருந்தா. அவ எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன். ஒரு வார்த்தை கூட்டல.

அண்ணி பேரு ஜெயப்ரியா. சிவகங்கைப் பக்கம் சொந்த ஊரு. நம்மள மாதிரியே ட்ரெய்னியா ஓசூருக்கு வந்தவ. இதே மாதிரி ஒரு லைன் வீட்டுல ஆறு பேரோட இருந்தவ. கம்பெனியில சரிதாவோட அண்ணன் ஆனந்தைப் பாத்தா... கல்யாணம் பண்ணிக்கிட்டா. மாமியார் வெங்கடம்மாளுக்குப் பிடிக்கல. எங்கயோ இருந்து வந்தவ, நம்ம வழக்கம் எதுவும் தெரியாதவன்னு ஒரு கோவம். சண்டை எல்லாம் இல்ல. பேச்சு இல்ல, அவ்ளோதான். பத்து வருஷமா ஒரே வீட்டுல, சோறு வேணுமா, தண்ணி புடிச்சியா... இதுக்கு மேல பேச்சே இல்ல.

ஒரே பொண்ணு. தர்ஷினி. ஒன்பது வயசு. அதுக்கு இளைப்பு. பொறந்ததுல இருந்தே. தூசி பட்டா, பொகை பட்டா நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சுடும். அதுக்கு அந்த நீலக் கலர் பஃப் இருக்குமே, வாயில வெச்சு அழுத்தறது... அது எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

ஊரு, சூளகிரியில இருந்து உள்ள பதினோரு கிலோமீட்டர். பேரு வேணாம். சொன்னா சரிதா திட்டுவா. சுத்தி ரெண்டு மூணு கல்லு கிரஷர் இருந்துச்சாம் அந்தக் காலத்துல. ஊர் ஆம்பளைங்க பாதிப் பேருக்கு அதுலதான் வேலை. கல்லு மாவு நெஞ்சுல எறங்கி, அம்பது வயசைத் தாண்டினவங்க கம்மி. சரிதாவோட அப்பா நாப்பத்தி நாலுல போயிட்டாரு. ஆனந்துக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே.

அந்த ஊர்ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாரம்மா பண்டிகை. மத்த ஊர் மாதிரி இல்ல. ஊர் விடற பண்டிகை.

அன்னிக்கு சூரியன் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஊரை விட்டு வெளிய போயிடணும். கைக்குழந்தை, படுத்த படுக்கையா கிடக்கறவங்க, ஆடு மாடு, கோழி... ஒண்ணு இருக்கக் கூடாது. அடுப்புல நெருப்பு கூடாது. கதவைப் பூட்டக் கூடாது... விரியத் திறந்து வெச்சுட்டு வரணும். வண்டி சத்தம் கூடாதுன்னு பைக்கை எல்லாம் வீட்டுலயே விட்டுட்டு நடந்து வரணும். ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மாந்தோப்பு. அங்கதான் பண்டிகை. பூப்பல்லக்குல அம்மா செலை வந்து தோப்புல எறங்கும். பம்பை, சிலம்பு... கெடா வெட்டு, பொங்கல். ராட்டினம் வரும். வளையல் கடை, பஜ்ஜிக் கடை, பலூன் சுடறது... சுத்துப்பட்டு ஜனம் எல்லாம் நடந்தே வரும். சாயங்காலம் வெளக்கு வெச்சப்புறம்தான் ஊருக்குத் திரும்பணும்.

ஏன்னு கேட்டா... அந்த ஒரு பகல் மாரம்மா தனியா ஊருக்குள்ள நடக்கும், வீடு வீடாப் பாக்கும், யாரும் குறுக்க இருக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. எல்லாரும் அப்படித்தான் நம்பினாங்க.

போன வருஷம் விடியக்காலை நாலரை மணி. ஆனந்துக்கு லீவு கிடைக்கல, ஷிஃப்ட் முடிச்சுட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றதா சொல்லிட்டுப் போயிட்டாரு. அண்ணி எழுந்து பாப்பாவுக்குத் தலை வாரி, புதுசா வாங்கின பஃப்பைப் பிரிச்சு ரெண்டு இழுப்பு குடுத்துச்சு. முன்னெச்சரிக்கையா. குடுத்துட்டு ஃப்ரிட்ஜ் மேல வெச்சுச்சு... பையில போடணும்னு. அதுக்குள்ள வெளிய தமுக்கு அடிக்கறான், பொழுது விடியப் போவுதுன்னு மாமியார் அவசரப்படுத்தறாங்க, ஆட்டுக்குட்டி ஒண்ணு கயிறு அறுத்துக்கிட்டு ஓடுது... அந்தக் கலாட்டாவுல மறந்தாச்சு.

தோப்புல காலையில எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பாப்பா ராட்டினத்துல நாலு சுத்து சுத்தினா. பதினொரு மணிக்கு மேல அறுபது அடுப்பு மூட்டினாங்க. எல்லாம் பச்சை விறகு. பொகை தோப்பு மேல படுத்துக்கிச்சு. கீழ ஜனம் நடக்கற புழுதி.

பாப்பா ஓடி வந்து அம்மா மடியில உக்காந்தா. பேசல. தோள் ரெண்டும் மேல ஏறி எறங்குது. விசில் மாதிரி ஒரு சத்தம்... ஈஈஈ... நெஞ்சுல இருந்து. அண்ணி பையைக் கொட்டிப் பாத்துச்சு. டவல், பிஸ்கட், தண்ணி பாட்டில்... பஃப் இல்ல.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாங்க. ஹைவேல ஒரு டேங்கர் கவுந்து கிடக்குது, முக்கா மணி நேரமாவது ஆகும்னாங்க. கடைக்காரங்களை எறக்கிவிட்ட வேன் சாயங்காலம்தான் வரும். இருந்த ஜனத்துக்கிட்ட எல்லாம் சரிதா ஓடி ஓடிக் கேட்டா, யாருகிட்டயும் பஃப் இல்ல. பாப்பா ஒதடு வெளுக்க ஆரம்பிச்சுடுச்சு. வெளுப்பு போயி... நீலம்.

அண்ணி எழுந்துச்சு.

தோப்புக்கும் ஊர் ரோட்டுக்கும் நடுவுல வேப்பிலைத் தோரணம் ஒண்ணு கட்டி வெச்சிருப்பாங்க. அன்னிக்கு அதைத் தாண்டக் கூடாது. அங்க நாராயணப்பன் நின்னாரு. ஊர்ப் பெரியவரு, பண்டிகை எடுத்து நடத்தறவரு. கெட்ட மனுஷன் இல்ல... அவரும் பதறித்தான் போயிருந்தாரு. ஆனா வழிய விடல. அம்மா நடக்கற நேரம்மா, எதுல போயி முட்டுவ, ஊருக்கே ஆவாது, மாரம்மாவை வேண்டிக்கோ, துன்னூறு பூசறேன்னாரு. பின்னாடி இன்னும் பத்துப் பேரு கை கோத்துக்கினு நின்னுட்டாங்க. இவ வெளியூர்க்காரி, இவளுக்கு என்னா தெரியும்னு ஒருத்தர் சொன்னது சரிதா காதுல விழுந்துச்சு.

அண்ணி நேரா அந்தத் தோரணத்தைப் பாத்து நடந்துச்சு. கை கோத்தவங்க நகரல.

அப்பதான் பின்னாடி இருந்து வெங்கடம்மாள் வந்தாங்க. பாப்பாவை சரிதா மடியில நிமித்தி உக்கார வெச்சுட்டு வந்திருக்காங்க. யாரு முகத்தையும் பாக்கல. கை கோத்து நின்ன ரெண்டு பேரு நடுவுல கைய விட்டுப் பிரிச்சாங்க. தோரணத்தைப் புடிச்சுத் தூக்கினாங்க, குனியாம போற அளவுக்கு. மருமகளைப் பாத்து சொன்னாங்க.

"ஓடாத. நடந்து போ. நம்ம வீட்டுக்குத்தான போற."

பத்து வருஷத்துல அவங்க மருமகள்கிட்ட பேசின பெரிய பேச்சு அதுதானாம்.

அப்ப மணி பன்னண்டரை.

மண் ரோட்டுல செருப்புச் சத்தம் மட்டும். பம்பைச் சத்தம் பின்னாடி கொறஞ்சுக்கினே போச்சு... அப்புறம் சுத்தமா இல்ல. காத்து இல்ல. ஒரு காக்கா இல்ல. ஊர் எல்லையில தண்ணி டேங்க்கு. அதைத் தாண்டினதும் தெரு.

நீங்க எப்பவாவது ஒரு ஊரே கதவைத் திறந்து வெச்சுட்டுப் போயிருக்கறதைப் பாத்திருக்கீங்களா... ரெண்டு பக்கமும் வாசல் வாசலா இருட்டு. உள்ள கட்டில் தெரியுது, சாமி படம் தெரியுது, கொடியில துணி தெரியுது. ஆள் மட்டும் இல்ல.

மொதல்ல வாசனை வந்துச்சாம். பீடி வாசனை. அதுகூட இன்னொண்ணு... சூடு ஏறின கல்லுல தண்ணி ஊத்தினா வருமே, மூக்கைக் காய வெக்கிற மாதிரி... அது.

மூணாவது வீட்டுக்குள்ள யாரோ இருமினாங்க.

ஒரே ஒரு இருமல். லொக்.

அண்ணி நின்னுச்சு. பாத்துச்சு. இருட்டுல ஒண்ணும் தெரியல. நடந்துச்சு. எதிர் வீட்டுல இருந்து ஒரு இருமல். அடுத்த வீடு. அதுக்கு எதிர் வீடு. தெருவுல தெரியாத பொம்பளை வந்தா வீட்டு ஆம்பளைங்க தொண்டையைக் கனைப்பாங்க இல்ல... அந்த மாதிரி. அண்ணி நடக்க நடக்க, ரெண்டு பக்கமும், கூடவே வருது. லொக்... லொக்... லொக்.

அண்ணிக்கு மாமியார் சொன்னது மனசுல இருக்கு. ஓடல. புடவைய ஒரு கையில புடிச்சுக்கினு, நடுத் தெருவுலயே, நேரா.

வீடு வந்துச்சு.

வாசல்ல செருப்பு.

காலையில எல்லாரும் கெளம்பும்போது ஒரு செருப்பு கூட அங்க இல்ல. இப்ப பதினஞ்சு இருபது ஜோடி. எல்லாம் டயர் செருப்பு. அந்தக் காலத்துல கிரஷருக்குப் போனவங்க போட்டது, இப்ப யாரு டயர் செருப்பு போடறாங்க... வரிசையா, ஒழுங்கா விட்டிருக்கு. எல்லாத்து மேலயும் வெள்ளையா மாவு.

நானா இருந்தா அங்கயே விழுந்திருப்பேன். நீங்களும்தான்.

அண்ணி அந்தச் செருப்பைக் காலால ஒதுக்குச்சு. ஒதுக்கி வழி பண்ணிக்கிட்டு உள்ள போச்சு.

வெளிய அடிச்ச வெயில்ல இருந்து உள்ள வந்ததும் கண்ணு ஒண்ணும் தெரியல. சத்தம்தான் கேட்டுச்சு. நடு ரூமுக்கும் உள் ரூமுக்கும் நடுவுல கதவு கிடையாது, பழைய புடவைய திரையா தொங்க விட்டிருக்கும். அந்தத் திரைக்குப் பின்னாடி இருந்து மூச்சு. ஒருத்தர் மூச்சு இல்ல. நெறைய பேரு. எல்லாருக்கும் இழுப்பு. கொர்ர்... ஈஈ... கொர்ர்... ஈஈ... அதே விசில். அது பெத்த பொண்ணு நெஞ்சுல ஒன்பது வருஷமா கேக்கற அதே சத்தம்.

தரையில வெள்ளை வெள்ளையா கால் தடம். வாசல்ல இருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து திரை வரைக்கும்.

ஃப்ரிட்ஜ் மேல பஃப் இல்ல.

திரைக்குப் பின்னாடி... புஸ்ஸ்.

அண்ணிக்குப் பயம் எல்லாம் ஒரே அடியா போயி, கோவம் வந்துடுச்சாம். சாதா கோவம். பைப்புல நம்ம குடத்தைத் தள்ளிட்டு வேற ஒருத்தி புடிச்சா வருமே, அந்தக் கோவம்.

திரை முன்னாடி போயி நின்னு சொல்லுச்சு.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இது என் வீடு. அது என் புள்ளையோட மருந்து. அங்க அவளுக்கு மூச்சு நிக்கப் போவுது. அதைக் குடுத்துட்டு உக்காருங்க. உங்களை யாரும் போகச் சொல்லல."

அவ்ளோதான். அந்த மூச்சு எல்லாம்... ஒரே நேரத்துல நின்னுடுச்சு. எல்லாரும் அடக்கிப் புடிச்ச மாதிரி. அந்த அமைதி இருக்கே... அதுதான் அண்ணிக்கு இன்னிக்கும் கனவுல வர்றதாம். இருமல் இல்ல, கால் தடம் இல்ல. அந்த அமைதி.

அப்புறம் திரைக்கு அடியில, தரையோட தரையா, ஒரு கை வந்துச்சு.

முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு. நகம் எல்லாம் தேஞ்சு போன கை. அதுல நீலக் கலர் பஃப். தரையில வெச்சு மெதுவா முன்னாடி தள்ளுச்சு.

அண்ணி குனிஞ்சு எடுத்துச்சு. வாய் வெக்கிற எடம் ஈரம். வெதுவெதுன்னு இருந்துச்சு. முந்தானையில நல்லா தொடச்சுக்கிச்சு.

திரும்பப் போகும்போது உள்ள இருந்து ஒரு குரல். ஆம்பளைக் குரல். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவுல மூச்சு வாங்கற குரல்.

"பேரு... என்னா..."

அந்த மாதிரி குரலுக்குப் பேரு சொல்லக் கூடாதுன்னு நமக்கெல்லாம் தெரியும். அண்ணிக்கும் தெரியாம இல்ல. ஆனா அது அங்க நின்னு, திரையைப் பாத்து, கணீர்னு சொல்லுச்சு.

"தர்ஷினி. நாலாவது படிக்கறா. நான் வரேன்."

சொல்லிட்டு வெளிய வந்துச்சு. தெரு பூரா அதே மாதிரி நடந்துச்சு. யாரும் இருமல. தண்ணி டேங்க்கைத் தாண்டினப்புறம்தான் ஓட ஆரம்பிச்சுது. செருப்பு பிஞ்சு, ஒத்தக் கால் செருப்போட, அந்தக் கொதிக்கற மண்ணுல தோப்பு வரைக்கும் ஓட்டம்.

பாப்பா தலை சாஞ்சு போயிருந்துச்சு. கண்ணு மேல சொருகிடுச்சு. சரிதா அழுதுக்கினே முதுகைத் தடவிக்கினு இருக்கா. அண்ணி பாப்பா வாயைத் திறந்து பஃப்பை வெச்சு அழுத்துச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணு. மூணாவதுல பாப்பா நெஞ்சு பெருசா ஒரு தடவ ஏறி எறங்குச்சு. விசில் நின்னுச்சு. ஒதட்டுல செகப்பு வந்துச்சு. அம்மா, தண்ணின்னு கேட்டா.

ஆம்புலன்ஸ் அப்புறம்தான் வந்துச்சு. வந்தவங்க ஸ்டெத்தை நெஞ்சுல வெச்சுப் பாத்துட்டு, சளி கூட இல்ல, கிளீனா இருக்குதேன்னுட்டுப் போனாங்க.

சாயங்காலம் வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி ஊர் கூடுச்சு. தோரணம் தாண்டினது குத்தம்னாங்க. ஈரப்புடவையோட மூணு தடவ பல்லக்கைச் சுத்தி, விழுந்து மன்னிப்புக் கேக்கணும்னாங்க. நாராயணப்பன் கூட தன்மையாத்தான் சொன்னாரு, ஒரு வார்த்தை சொல்லிடும்மா, முடிஞ்சுடும்னு.

அண்ணி தூங்கற பாப்பாவைத் தோள்ல போட்டுக்கினு எழுந்து நின்னுச்சு. தோப்பு பூரா கேக்கற மாதிரி பேசுச்சு.

"மாரம்மா வழிய நான் மறிக்கல. என் வழியத்தான் நீங்க மறிச்சீங்க. புள்ளைக்கு மருந்து எடுக்கப் போனது குத்தம்னா, அதை அந்த அம்மா வந்து என்கிட்ட சொல்லட்டும்."

சொல்லிட்டு நடந்துச்சு. பின்னாடி யாரு போனாங்க... வெங்கடம்மாள். அப்புறம் சரிதா. அப்புறம் கைக்குழந்தைக்காரிங்க மூணு பேரு. பம்பைக்காரன் பம்பையை அடிச்சுட்டான், பேச்சு அதோட போச்சு.

ஊர் ரோட்டுல இருட்டிக்கினு வரும்போது மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம். மெதுவா, சரிதாவுக்குக் கேக்காத மாதிரி. ஆனா அவளுக்குக் கேட்டுடுச்சு.

"வாசல்ல செருப்பு இருந்துச்சா?"

இருந்துச்சு அத்தைன்னு அண்ணி சொல்லுச்சு. வெங்கடம்மாள் தலைய ஆட்டிக்கிட்டாங்க. அதுல இருந்து அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறாங்க. நல்லாவே பேசிக்கறாங்க.

வீட்டுல போயி பாத்தா செருப்பு இல்ல. தடம் இல்ல. தரை தொடச்ச மாதிரி.

பாப்பாவைப் படுக்க வெச்சுட்டு அண்ணி பஃப்பைக் கழுவலாம்னு எடுத்துச்சு. அதோட முதுகுல ஒரு சின்ன ஜன்னல் மாதிரி இருக்கும், எத்தனை தடவ அழுத்தலாம், இன்னும் எத்தனை பாக்கின்னு நம்பர் காட்டும். புதுசுல எரநூறு. காலையில பிரிச்சது. விடியக்காலை ரெண்டு குடுத்தது. தோப்புல மூணு.

நம்பர் சைபர் காட்டுச்சு. குலுக்கிப் பாத்தா உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் டப்பா.

தோப்புல அண்ணி அழுத்தும்போதே அது வெறும் டப்பாவாத்தான் இருந்திருக்கணும். அப்ப பாப்பா உள்ள இழுத்தது... என்ன மூச்சு?

யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் பாப்பாவுக்கு இளைப்பு வரல. ஒரு வருஷம் ஆச்சு. மழை, பனி, பொகை... ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல ஓடறா. சொந்தக்காரங்க எல்லாம் அண்ணியைப் புடிச்சுக்கிட்டாங்க, பேரு வேற சொல்லிட்டு வந்திருக்க, கூட்டிட்டுப் போயி மந்திரிச்சு ஒரு கயிறு கட்டுன்னு. அண்ணி முடியாதுன்னுடுச்சு. எந்தக் கயிறும் வேணாம், என் பொண்ணு மூச்சு விடறா, அதுல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு ஒரே பேச்சு. இன்னும் அதே பேச்சுதான்.

போன மாசம் சரிதா ஊருக்குப் போயிருந்தா. பாப்பா பக்கத்துலதான் படுத்தா. நல்ல தூக்கத்துல இருக்கு பாப்பா. சரிதாவுக்குத் தூக்கம் வரல. சும்மா அது மூச்சு விடறதைக் கேட்டுக்கினு இருந்திருக்கா.

நிதானமா... சீரா...

உள்ள ஒரு மூச்சு போகுது.

வெளிய ரெண்டு வருது.